படலையில் ஓர் அறிவிப்பு



1981 இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவோடு 2005 இல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் தொடங்கியது. ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் அங்கே பிரதி எடுத்து வைக்கப்பட்டுள்ளன.

இன்று இணையத்தளங்களுக்கு வருவோர் மனிதர் மட்டுமல்லர். பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் ஒன்று கேட்டால், அதன் முகவர் தேடுபொறியில் தேடி, சில தளங்களைத் திறந்து, வாசித்து, சுருக்கிச் சொல்கிறது.

இத்தகைய இயந்திர வருகையாளருக்கென 1994 இல் மார்ட்டின் கொஸ்டர் ஒரு முறையை முன்வைத்தார். எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தளத்தில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைப்பதே அது. படலையில் தொங்கும் அறிவிப்பு போன்றது, பூட்டு அல்ல. 1996 இல் பண்டோரா இணையக் காப்பகத்தைத் தொடங்கிய அவுஸ்திரேலிய தேசிய நூலகமோ, வெளியீட்டாளரிடம் அனுமதி பெற்றே பக்கங்களைச் சேமித்தது. 2016 இலேயே சட்டம் மின்வெளியீடுகளையும் உள்ளடக்கியது.

எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிரதி எடுத்த பக்கம் வெறும் படமாகவே இருந்தால், தேடும் இயந்திரத்தின் கண்ணில் அது படாமல் போகலாம். அப்போது எங்கள் கதையை மற்றவர்கள் எழுதியதிலிருந்தே அது சொல்லும்.

ஆகவே சங்க மலர்களைப் பிரதி எடுக்கும்போது தலைப்பு, ஆண்டு, எழுதியவர் பெயர் ஆகியவற்றைத் தமிழில் தட்டச்சு செய்து சேருங்கள். பற்றுச்சீட்டு இல்லாத கணக்கைக் கணக்காளன் ஏற்பதில்லை. "எந்தப் பக்கத்தில் எடுத்தாய்?" என்று இயந்திரத்திடம் கேட்கப் பிள்ளைகளையும் பழக்குவோம்.