குண்டைப் பிடிக்கும் தகடு

ஏர்கன் என்றால் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். சுட்ட குண்டு எங்கே போய் நிற்கிறது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1904ல் பர்மிங்ஹாமின் லிங்கன் ஜெஃப்ரீஸ் புது ஏர் ரைஃபிள் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். தயாரித்தது பி.எஸ்.ஏ. நிறுவனம். 1902ல் போயர் போர் முடிந்து ராணுவ ஆர்டர் குறைந்திருந்த நேரம். நல்ல வியாபாரம்தான்!

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதி பப்களில் ‘பெல் டார்கெட்’ போட்டி பரவியது. ஆட்கள் குடித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே, ஆறேழு கஜ தூரத்தில் சுட வேண்டும். எதிரே ஒரு இரும்புத் தகடு. நடுவில் ஒரு செ.மீ.க்கும் சற்றுக் குறைவான ஓட்டை, பின்னால் மணி. குண்டு நுழைந்தால் மணி அடிக்கும். தவறினால்? குண்டு மெத்தென்ற ஈயம் என்பதால் தகட்டிலேயே அப்பளமாக நசுங்கிவிடும். வெள்ளைப் பூச்சில் தடம் தெரியும். அடுத்தவர் சுடுமுன் மறுபடி பூசி அழித்துவிடுவார்கள். அவ்வளவு பேர் நடுவில் சுட முடிந்ததற்கு ஈயத்தின் இந்தக் குணமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் டெய்சி ஏர்கன்களுக்கு 1920களில் எஃகு குண்டு வந்தது. எஃகு நசுங்காது. தகட்டில் பட்டால் சுட்டவன் கண்ணைத் தேடித் திரும்பி வரும். பின்னாளில் வந்த பெட்டிகளில் தகட்டைச் சாய்த்து வைத்தார்கள், குண்டு கீழே விழட்டும் என்று. அதுவும் ஈயத்துக்குத்தான். எஃகு குண்டுக்கு, அட்டைப்பெட்டி நிறையத் திணித்த பழைய பேப்பரே மேல்.