மழைக்கணக்கும் மல்லாட்டைக் கணக்கும்

தென்னார்க்காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஒருமுறை நொடித்து மீண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சரக்கு வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்குப் போய், கப்பலேறி, மார்செய் நகரத்து ஆலைகளில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. 1890களில் விளைச்சல் சரிந்தது. பழைய விதை சோர்ந்துவிட்டது, நோயும் சேர்ந்துகொண்டது. மொரீஷியஸ் விதை வந்து பரவிய பிறகுதான் காடுகளில் மறுபடி மல்லாட்டை தழைத்தது. 1905-இல் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே பாலூரில் அரசாங்கப் பண்ணை தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

புள்ளியியல் துறையில் ஆய்வாளராக விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றி வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். கல்லூரிப் பிள்ளைகள் ஒட்டுறவுக் கெழுவைப் பற்றிக் கேட்டு வரும்போது இந்தக் கதையில்தான் தொடங்குவேன். அந்த ஆண்டுகளின் மழையையும் விளைச்சலையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கணக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? நடுவில் விதை மாறியது அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது. விளைச்சல் ஏறியதற்கான பெயரை மழை தட்டிக்கொண்டு போகும்.

கெழு என்பது எளிய கணக்கு. ஒவ்வோர் ஆண்டின் மழையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது, விளைச்சல் எவ்வளவு விலகியது என்று பார்த்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டி, அவற்றின் பரவலால் வகுக்கிறோம். விடை −1-க்கும் +1-க்கும் நடுவில் நிற்கும். கால்டன் 1888-இல் இதற்கு அடிபோட்டார். 1896-இல் கார்ல் பியர்சன் இன்று நாம் போடும் வடிவத்தைக் கொடுத்தார்.

சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தது பஞ்சம். 1876–78-இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சமும், 1899-இல் பருவமழை பொய்த்ததும், மழையை முன்கூட்டிச் சொல்ல ஏதாவது வழி உண்டா என்ற தவிப்பை உண்டாக்கின. 1904-இல் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். உலகத்தின் பல மூலைகளிலுள்ள காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, சிம்லா அலுவலகத்துக் குமாஸ்தாக்களைக் கொண்டு கையாலேயே கெழுக்களைப் போடவைத்தார். பசிபிக் கடலின் மேலும் இந்தியப் பெருங்கடலின் மேலும் காற்றழுத்தம் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது என்ற பெரிய உண்மை அந்தப் பேரேடுகளிலிருந்துதான் கிடைத்தது.

நூற்றுக்கணக்கான கெழுக்களைப் போட்டுப் பெரியதை மட்டும் பொறுக்கினால், அது தற்செயலாகவும் பெரிதாக இருக்கலாம் என்று 1914-இலேயே வாக்கர் எழுதிவைத்தார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அவருடைய கண்டுபிடிப்பு நம் மண்ணில் தலைகீழாகிறது. அந்த அழுத்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்யும் வடகிழக்கு மழையோ அதே ஆண்டுகளில் கூடுவதுதான் வழக்கம். 2015 அப்படி அமைந்தது. ஆனால் எல் நினோவுக்கு நேர்மாறான லா நினா ஆண்டான 2021-லும் மழை வெளுத்துவாங்கியது. ஒட்டுறவு இருந்தால் இப்படி நடக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடக்கலாம். கெழு 1 ஆகாதவரை விலகி நிற்கும் ஆண்டுகள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இனி விளைச்சல் பக்கம். மழையை மானியில் அளந்தார்கள். விளைச்சலை வெகுகாலம் கண்ணால்தான் மதித்தார்கள். கிராமக் கணக்கரான கர்ணம் வயலைப் பார்த்து இத்தனை அணா விளைச்சல் என்பார். பதினாறு அணா என்றால் குறைவில்லாத வெள்ளாமை. மழை சரியில்லை என்று அவருக்கு முன்னமே தெரியும், அந்த நினைப்போடுதான் பயிரையும் பார்ப்பார். அப்படிப்பட்ட அணாக்களையும் மழையையும் சேர்த்து ஒட்டுறவு போட்டால், வயல் காட்டும் உறவோடு கர்ணத்தின் மனக்கணக்கும் கலந்து வரும். பழைய அறிக்கைகளிலிருந்து பெரிய கெழுவைக் காட்டுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறேன்.

1940களில் சுகாத்மே, பான்சே போன்ற புள்ளியியலாளர்களும் வங்காளத்தில் மகலனோபிஸும் அறுவடைப் பரிசோதனையைப் பெரிய அளவில் கொண்டுவந்து இந்தக் கலப்படத்தை அறுத்தார்கள். சர்வே எண்ணைச் சமவாய்ப்பு எண் அட்டவணை தேர்ந்தெடுக்கிறது. வயலுக்குள் எந்த மூலை என்பதையும் அதுவே சொல்கிறது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் முளை அடித்துக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் செடியையெல்லாம் பிடுங்கி, காயை ஆய்ந்து எடைபோடுவோம். அந்தத் தராசுக்கு மழை பெய்தது தெரியாது.

தராசு வந்த பிறகும் மொத்த மழைக்கும் மல்லாட்டைக்கும் உள்ள கெழு ஏமாற்றக்கூடும். ஓர் எடுத்துக்காட்டு: ஆடிப்பட்டத்தில் 300, 500, 700 மில்லிமீட்டர் மழை பெய்த மூன்று ஆண்டுகளில் ஏக்கருக்கு 8, 14, 8 மூட்டை கண்டது என்று வைத்துக்கொள்வோம். போட்டுப் பாருங்கள், கெழு சுழியம். மழைக்கும் பயிருக்கும் உறவே இல்லை என்றாகிவிடும். சிதறல் படம் வரைந்தால் மேடு கண்ணில் தெரியும். கெழு நேர்கோட்டை மட்டுமே அளக்கிறது.

மயிலம் பக்கம் ஒரு பெரியவர் செடியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "விழுது எறங்கற நேரத்துல ரெண்டு மழ உட்ருந்தா போதும் சார். அப்பறம் பேஞ்சது எதுக்கு?" பூ உதிர்ந்தபின் விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கிறது. அந்த வாரங்களில் நிலம் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே போகாது. அறுவடை நேரத்து மழையோ காயை முளைக்கவைத்துவிடும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் பண்ணையில் கோதுமையை ஆராய்ந்த ஃபிஷரும் 1924-இல் இந்த வழியைத்தான் பிடித்தார். ஆண்டு மொத்தத்தோடு நிற்காமல், மழை எந்தெந்த நாட்களில் எப்படிப் பரவியது என்பதையும் விளைச்சலோடு ஒப்பிட்டார்.

மழையின் நாட்களோடு விதையையும் பார்க்க வேண்டும்; மொரீஷியஸ் விதைக்குப் பிறகும் ரகங்கள் மாறின. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப்பெயர்தான் முன்னே நிற்கும். 1940-இல் வந்த டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்து மல்லாட்டையிலிருந்து தெரிந்தெடுத்தது. ஆகவே நீண்ட கால வரிசையை எடுப்பவர்கள் மழைக்குப் பக்கத்தில் ரகத்துக்கும் ஒரு கட்டம் போட வேண்டும்.

இப்போது ஒரு புதிய இடைஞ்சலும் வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில், ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ பாதி அது. சிதறல் படத்தில் இப்படி ஒரே ஒரு புள்ளி எங்கோ தள்ளி விழுந்தால் மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். அதைச் சேர்த்து ஒரு கெழு, விட்டு ஒரு கெழு என இரண்டையும் போட்டு, எந்த நாளில் பெய்த மழை என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன்.