கடல் கடந்து வந்த ஆங்கில வாத்தியார்

பெசன்ட் நகர் என்றதும் எலியட்ஸ் கடற்கரை நினைவுக்கு வரும். வேளாங்கண்ணி கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான அன்னி பெசன்ட் அம்மையார் நினைவுக்கு வருவது அபூர்வம்தான். அவரை நம்பி அயர்லாந்திலிருந்து வந்து, இந்த மண்ணிலேயே வாழ்ந்து மறைந்த ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் தம்பதியரைப் பற்றிக் கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

இவர்களைப் பற்றி இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கில ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே வேறொரு நாட்டுப் பிள்ளைகளுக்குத் திரையில் பாடம் நடத்தலாம். 2020-ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த முறை வேகமாகப் பரவியது. விமான டிக்கெட் இல்லை, விசா இல்லை, வாடகை இல்லை. செலவு மிச்சம். ஆனால் மிச்சமானது செலவு மட்டும்தானா? கசின்ஸ் தம்பதியரின் கதையைப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும்.

வேலை போன கதை

ஜேம்ஸ் 1873-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். கவிஞர், நாடக ஆசிரியர். டப்ளினில் ஒரு பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். மார்கரெட் இசையில் பட்டம் பெற்றவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடி லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை சென்றவர். இருவருக்கும் பிரம்மஞான சபையில் ஈடுபாடு இருந்தது. 1915-ல் பெசன்ட் அம்மையார் அழைத்ததும் கப்பல் ஏறிவிட்டார்கள். சென்னையில் அம்மையார் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை.

அந்த வேலை ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 1916 ஏப்ரலில் டப்ளினில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதைப் பாராட்டி ஜேம்ஸ் 'நியூ இந்தியா'வில் எழுதினார். ஏற்கனவே சுயாட்சி கேட்டு அரசின் கோபத்துக்கு ஆளாகியிருந்த பத்திரிகை அது. அம்மையார் அவரைப் பத்திரிகையிலிருந்து விலக்கி, மதனப்பள்ளிக்கு அனுப்பினார். அங்கே 1915-ல் தொடங்கப்பட்ட பிரம்மஞானக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். அவ்வளவுதான்!

மதனப்பள்ளி இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தில் ஒரு சிறிய மலையடிவார ஊர். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊரும் அதுதான். பத்திரிகை, அரசியல், இலக்கியக் கூட்டம் என்று பழகிய ஒருவருக்கு அது ஏறக்குறைய நாடுகடத்தல் போன்றது.

வகுப்பறைக்கு வெளியே

ஜேம்ஸ் சோர்ந்துவிடவில்லை. 1917-ல் அவர் எழுதிய 'ஆங்கில இலக்கியத்தில் புதிய வழிகள்' என்ற நூலைச் சென்னை கணேஷ் அண்ட் கோ வெளியிட்டது. அந்த நூல் புதுச்சேரியில் இருந்த அரவிந்தரின் கைக்குப் போனது. அதற்கு மதிப்புரை எழுத உட்கார்ந்த அரவிந்தர், 'ஆர்யா' இதழில் 1917 முதல் 1920 வரை தொடராக எழுதிக்கொண்டே போனார். கவிதை பற்றிய அவருடைய முக்கியமான நூலான 'எதிர்காலக் கவிதை' அப்படி உருவானதுதான். மூலையில் தள்ளப்பட்ட ஒரு ஆங்கில வாத்தியாரின் புத்தகம் அதற்குத் தூண்டுகோல் என்றால் நம்ப முடிகிறதா?

இன்னொரு சம்பவம் இதைவிடப் பெரியது. கல்லூரியில் வாரம் ஒருநாள் மாலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பாடும் வழக்கம் இருந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று, மதிப்பெண்ணும் கிடையாது. 1919 பிப்ரவரி இறுதியில் ரவீந்திரநாத் தாகூர் கசின்ஸ் தம்பதியரின் விருந்தினராக மதனப்பள்ளிக்கு வந்திருந்தார். அந்த மாலைக் கூட்டத்தில் அவரைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடியது 'ஜன கண மன'. 1911-லேயே கல்கத்தா காங்கிரசில் பாடப்பட்ட பாட்டுதான் அது. ஆனால் மதனப்பள்ளி மாணவர்களுக்குப் புதிது. கேட்ட மாத்திரத்தில் பல்லவியைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடினார்கள்.

தாகூர் அங்கேயே உட்கார்ந்து பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'இந்தியாவின் காலைப் பாடல்' என்று தலைப்புக் கொடுத்தார். மெட்டு மறந்துபோகாமல் இருக்க மார்கரெட் அதற்கு மேற்கத்திய முறையில் இசைக்குறிப்பு எழுதினார். டப்ளினில் படித்த இசை இங்கே பயன்பட்டது! பின்னர் 1937-ல் தேசிய கீதம் எது என்ற விவாதம் எழுந்தபோது ஜேம்ஸ் இந்தப் பாடலை ஆதரித்துப் பத்திரிகைக்கு எழுதினார். 1950 ஜனவரி 24 அன்று அது தேசிய கீதமானது.

1919-ல் ஜேம்ஸ் ஜப்பானுக்கும் போனார். டோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். அந்த அனுபவத்தையும் ஒரு புத்தகமாக்கினார்.

மார்கரெட் அம்மையார்

கணவருடன் வந்தவர் என்று மார்கரெட்டை ஒதுக்கிவிட முடியாது. 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அவர். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய விவகார மந்திரி மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று ஓட்டுரிமை கேட்டு அவரைச் சந்தித்தது. அதற்கு ஏற்பாடு செய்தவர் மார்கரெட். 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1927-ல் அகில இந்திய மாதர் மாநாடு உருவாகவும் அவரே காரணம். 1932-ல் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர் சிறைக்கும் போனார். 1954-ல் அடையாறில் காலமானார். ஜேம்ஸ் 1956-ல் மதனப்பள்ளியில் மறைந்தார்.

லாப நஷ்டக் கணக்கு

இனி கணக்கைப் பார்க்கலாம். ஜேம்ஸ் நடத்திய இலக்கண வகுப்புகள் இன்று யாருக்கும் நினைவில்லை. நினைவில் நிற்பவை எல்லாம் மணி அடித்த பிறகு நடந்தவை. மாலைப் பாட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி, சங்கம், சிறை. திரையில் வகுப்பு முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் உறவும் முடிந்துவிடுகிறது. நேரில் போனால் பாடம் முடிந்த பிறகுதான் ஊர் தொடங்குகிறது.

அதற்காக நேரில் போனால் போதும், திரை வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கசின்ஸ் தம்பதியர் விதிவிலக்கு. எத்தனையோ வெள்ளைக்கார ஆசிரியர்கள் இங்கே வந்து, சம்பளம் வாங்கி, கிளப்பிலேயே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கப்பல் ஏறியவர் எல்லாம் ஊரைத் தெரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. மேலும், அன்று பயணம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர்களுக்குத்தான் வாய்த்தது. இன்று சென்னையில் படிக்கும் ஒரு மாணவி, டிக்கெட்டுக்குப் பணமில்லாமலே வெளிநாட்டு வகுப்பு ஒன்றில் நிற்க முடிகிறது. இது சின்ன விஷயம் இல்லை.

2009-ல் பேராசிரியர் சுகதா மித்ரா தொடங்கிய 'பாட்டி மேகம்' என்ற முயற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உட்பட பிரிட்டனைச் சேர்ந்த பலர் ஸ்கைப் வழியாக இந்தியப் பிள்ளைகளோடு பேசினார்கள். அவர்கள் பாடம் எடுக்கவில்லை. கதை சொன்னார்கள், கேள்வி கேட்டார்கள், பேத்தி சொல்வதைக் கேட்கும் பாட்டி போலப் பாராட்டினார்கள். திரைக்குள்ளேயே ஒரு மதனப்பள்ளி மாலையை உண்டாக்கப் பார்த்த முயற்சி அது.

ஆகவே கேள்வி, கப்பலா திரையா என்பது அல்ல. பாடத்திட்டத்துக்கு வெளியே நேரம் இருக்கிறதா என்பதே. உலகெங்கும் பெயர்பெற்ற செல்ட்டா ஆங்கில ஆசிரியர் பயிற்சியில், கண்காணிப்பில் நடத்த வேண்டிய வகுப்பு மொத்தம் 6 மணி நேரம். நம் நாட்டில் 2014 விதிகளின்படி வந்த இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சிக்கு 20 வாரம். மணிக்கணக்கைக் குறித்துக் கையெழுத்து வாங்குவது எளிது. அந்த வாரங்களில் மதிப்பெண் இல்லாத ஒரு மாலை வேளையை ஒதுக்கிவைக்கும் கல்லூரிகள் எத்தனை? நேரில் அனுப்பினாலும் சரி, திரையில் அனுப்பினாலும் சரி, அந்த மாலை இல்லாவிட்டால் போனவர் பாடம் நடத்திவிட்டு வருவார். எதையும் கற்றுக்கொண்டு வரமாட்டார்.