விரட்ட விரட்டத் திரும்பி வரும் கவலை

"கண்டதையும் நினைக்காதே, மனசைக் கல்லாக்கிக்கோ." ஊரைவிட்டு வந்த நம் எல்லோருக்கும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். மனசுதான் கேட்பதில்லை. ஏன் என்று உளவியல்காரர்கள் கண்டுகொண்ட கதையை, பி.காம். படித்து பேங்க்கில் கணக்குப் பார்க்கும் எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

1958-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் எழுதிய புத்தகம் நடத்தைச் சிகிச்சைக்குப் பாதை போட்டது. உடம்பைத் தளர்த்திப் பயத்தைப் படிப்படியாகக் குறைப்பது அவர் முறை. 1960-களில் அமெரிக்காவின் ஆரோன் பெக், தவறான எண்ணங்களைச் சோதித்துத் திருத்தச் சொன்னார். இரண்டும் இன்றுவரை பலருக்குப் பலன் தருகின்றன. இரண்டுக்கும் குறி ஒன்றே: வேண்டாததைக் குறைப்பது.

1978-ல் ராக்மனும், நம் பக்கத்து இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனநோய் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு விபரீத எண்ணங்கள் வந்து போகின்றன என்று தெரிந்தது. அப்படியானால் எண்ணம் வருவதே நோய் ஆகாது!

1987-ல் டேனியல் வெக்னர் மாணவர்களிடம், "வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள்" என்றார். முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைத்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டீவன் ஹேஸ் வேறு வழி தேடிக்கொண்டிருந்தார். அவரே திடீர்ப் பதற்றத்தால் அவதிப்பட்டவர். கவலை வந்தால் வரட்டும், அதோடு மல்லுக்கட்டாமல் உனக்கு முக்கியமானதைச் செய் என்பது அவர் முறையின் சாரம். சக ஆய்வாளர்களோடு 1999-ல் அதைப் புத்தகமாக்கினார். இதே வழியில் உலக சுகாதார நிறுவனம் ஒரு சுயஉதவிப் பயிற்சி தயாரித்தது. உகாண்டாவில் ஏறத்தாழ 700 தென் சூடான் அகதிப் பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மனவேதனை மூன்று மாதம் கழித்தும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2020-ல் முடிவு வந்தது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் "எல்லாம் தலையெழுத்து, ஏத்துக்கோ" என்பார்கள். ஹேஸ் சொல்லும் ஏற்பு அதுவல்ல. கூலி வரவில்லை என்றால், ஏற்க வேண்டியது வயிற்றில் புரளும் பயத்தை மட்டும்தான். அந்தப் பயத்தோடேயே போய்க் கூலியைக் கேட்கலாம்.