அனுமக்கொடியும் நந்திக்கொடியும்: சேதுக் கரையில் கொடியுரிமை

இராமநாதபுரம் சேதுபதிகளின் செப்பேடுகளில் தானச் செய்திக்கு முன்னால் ஒரு நீண்ட விருதாவளி, அதாவது பட்டப்பெயர் வரிசை, வரும். படிப்பவர் பெரும்பாலும் அதைத் தாண்டி, கொடுத்த ஊர் எது, நான்கெல்லை எவை என்று பார்க்கப் போய்விடுவார். அந்த விருதாவளியில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களில் இரண்டு, அனுமக்கேதனன், கருடக்கேதனன் என்பன. அனுமனையும் கருடனையும் கொடியில் உடையவன் என்பது பொருள். இவற்றைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இரண்டே. இராமபிரான் இலங்கையிலிருந்து திரும்பும்போது சேதுவைக் காக்கும்படி இக்குடியினரை நியமித்தார், அப்போதே அனுமக்கொடியும் வந்தது என்பது ஒன்று. இவையெல்லாம் புலவர் கட்டிய புகழ்மாலை, வரலாற்றுக்கு உதவாது என்பது மற்றொன்று. முன்னது கதையைச் சான்றாக்குகிறது. பின்னது சான்றைக் கதையாக்கித் தள்ளிவிடுகிறது. அனுமக்கொடி ஒரு குடியின் கொடியன்று, சேதுக் காவல் என்ற பதவியின் கொடி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதவி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், போகலூரில் இருந்த சடைக்கன் உடையான் சேதுபதியை மறவர் சீமையின் தலைவராக ஏற்றார். இராமேசுவரம் போகும் யாத்திரிகரை வழிப்பறியிலிருந்து காப்பதும், சீமையை அடக்கி வரி திரட்டுவதும் அவர்மேல் விழுந்த கடமைகள். 1678 முதல் 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். ஆக, சேதுபதி என்ற பெயரே ஒரு வேலையின் பெயர். அரசு அந்த வேலையின்மேல் கட்டப்பட்டது. கொடியையும் அந்த வேலையோடு வைத்துத்தான் படிக்கவேண்டும்.

செப்பேட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இது தெளியும். சாலிவாகன சகாப்தத்தில் தொடங்கி, விருதுகளை அடுக்கி, அரசன் பெயர் சொல்லி, தானத்தையும் எல்லைகளையும் கூறி, அழிப்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷம் அடைவார் என்று முடிவது இதன் அமைப்பு. இத்தகைய செப்பேடுகளுள் சிலவற்றை 1886இல் ஜேம்ஸ் பர்ஜெஸும் ச. ம. நடேச சாஸ்திரியும் சேர்ந்து மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார்கள். பின்னர் எஸ். எம். கமால் சேதுபதிகளின் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் தனித்தனி நூல்களாகத் தொகுத்தார். இத்தொகுப்புகளில் அனுமக்கேதனன் வரும் அதே விருதாவளியில்தான் சேதுமூல ரட்சா துரந்தரன், இராமநாதசாமி காரிய துரந்தரன், தேவை நகராதிபன் ஆகியவையும் வருகின்றன. சேதுவின் தலைப்பைக் காக்கும் பொறுப்பைச் சுமப்பவன், இராமநாதரின் காரியத்தைச் சுமப்பவன், தேவை எனப்பட்ட இராமேசுவரத்துக்கு அதிபன். கொடிப்பெயர் இந்தப் பொறுப்புப் பெயர்களோடு ஒரே கையால் கோக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதே விருதாவளியில் துலுக்கர் தளவிபாடன், ஒட்டியர் தளவிபாடன் என்றும், கண்ட நாடு கொண்டு கொண்ட நாடு கொடாதான் என்றும், கெஜவேட்டை கண்டருளியவன் என்றும் வருகின்றன. ஒட்டியர் படையை முறியடிக்கச் சேதுபதி எந்தக் காலத்தில் ஒரிசா எல்லைக்குப் போனார்? இவை விஜயநகரப் பேரரசரின் மெய்க்கீர்த்தியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டவை. இப்படி இரவல் வாங்கிய பட்டியலில் கொடியை மட்டும் நம்புவது எப்படி என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இரவல் பெயர்களுக்கு ஒரு பொது அடையாளம் இருக்கிறது: அவற்றைப் பெயர்த்து எந்தப் பாளையக்காரன் தலையில் வைத்தாலும் பொருந்தும். சேதுமூலமும் தேவை நகரும் அப்படிப் பெயர்க்க முடியாதவை. அனுமன் இவ்விரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன். சேது கட்டிய கதையில் அவனுக்குள்ள இடத்தை விளக்கத் தேவையில்லை. அந்தச் சேதுவின் தலைப்பில் நின்று காவல் செய்பவனுக்கு அவனைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது.

கருடன் விஷயம் வேறு. அதைப் பெயர்க்க முடியாதது என்று நான் சொல்லமாட்டேன். குப்தர் காலம் முதல் இராஷ்டிரகூடர் வரை பல பேரரசுகள் கருடனைச் சின்னமாகக் கொண்டன. அரசுரிமையின் பொதுச் சின்னமாகவே அது சேதுபதியிடமும் வந்திருக்கவேண்டும். இரண்டு கொடிகளையும் ஒரே எடையில் நிறுத்துவதுதான் இதுவரை நடந்த குழப்பத்துக்குக் காரணம்.

அனுமக்கொடி உலகில் இவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. பாரதத்தில் அருச்சுனன் தேர்க்கொடியில் அனுமன் இருக்கிறான். கன்னட நாட்டில் கடம்ப மரபினர் வானரக் கொடி உடையவராகத் தம் கல்வெட்டுகளில் பெருமை பேசுகிறார்கள். சின்னம் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. கடம்பருக்கு அது குலவிருது; அவர்களுடைய சிங்க முத்திரையோடு சேர்ந்து வருவது. சேதுபதிக்கு அது இடத்தோடு கட்டுண்டது. இராமேசுவரத்திலிருந்து பிரித்தால் அதற்குத் தனிப் பொருள் இல்லை.

இனி, இக்கரையின் மற்றொரு கொடி. இராமேசுவரம் கோயிலில் விழா தொடங்கும்போது கொடிமரத்தில் ஏறுவது, சிவன் கோயில்களின் முறைப்படி, ரிஷபம் எழுதிய கொடி. நந்தி யாகம் நடத்தி, துணியில் எழுதிய நந்திக்குக் கண் திறந்து, தருப்பைக் கயிற்றோடு மரத்தில் சுற்றி ஏற்றுவார்கள். மாசி சிவராத்திரியிலும் ஆடித் திருக்கல்யாணத்திலும் ஊர் பார்க்கும் கொடி இதுதான். கோயிலின் முதற்காவலர் தம் கொடியில் வைத்ததோ அனுமனையும் கருடனையும். சைவத் தலத்தின் காவலருக்கு வைணவ வாகனங்கள் எப்படி என்று கேட்பது மேலோட்டமான கேள்வி; தலத்தின் கதையே இராமன் இலிங்கம் பிரதிட்டை செய்த கதை, அதற்கு இலிங்கம் கொண்டுவரப் போனவனும் அனுமனே. கவனிக்கவேண்டியது வேறொன்று. நந்தி அங்கே இறைவனுடைய கொடி. காவலன் அதை எடுத்துத் தன் கொடியாக்கிக் கொள்ளவில்லை.

கடலுக்கு அந்தப்பக்கம் அதை எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் கொடி நந்திக்கொடி. அவர்களுடைய காசுகளில் ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்து. கேகாலைப் பகுதியின் கோட்டகமக் கல்வெட்டிலும் அச்சொல் தொடக்கத்திலேயே நிற்கிறது. சேது என்று எழுதியிருந்ததால் இக்காசுகள் ஒரு காலத்தில் இராமநாதபுரச் சேதுபதிகளுடையவை என்று கருதப்பட்டன. வட இலங்கையில் அவை ஏராளமாகக் கிடைத்ததும், செ. இராசநாயக முதலியார் போன்றோரின் ஆய்வும் அந்தக் கருத்தை மாற்றின. எழுத்தை மட்டும் பார்த்தவர்கள் தவறிய இடத்தில் சின்னம் சரியான வழியைக் காட்டியது என்பது என் எண்ணம். நந்தியும் சேதுவும் சேர்ந்தால் யாழ்ப்பாணம். அனுமனும் சேதுவும் சேர்ந்தால் இராமநாதபுரம்.

ஆரியச் சக்கரவர்த்திகள் தம் மூலத்தை இராமேசுவரத்தோடு இணைத்துப் பேசினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியன் குலசேகரனின் படைத்தலைவனாக இலங்கைக்குச் சென்ற ஆரியச் சக்கரவர்த்தியை வரலாறு அறியும். அவர்களுக்குச் சேது, தாம் புறப்பட்டு வந்த தலம். அதனால் தலத்து இறைவனின் கொடியையே ஏந்திக்கொள்ள முடிந்தது. சேதுபதிக்கோ அது நாள்தோறும் செய்யவேண்டிய காவல். 1619இல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண அரசை முடித்தபோது சேதுபதி பதவி தோன்றி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தக் குறுகிய காலம் இரு அரசுகளும் ஒரே சேதுவை உரிமை கொண்டாடி, வேறு வேறு கொடிகளுடன் எதிரெதிர்க் கரையில் இருந்தன.

சின்னம் யாருக்கு உரியது என்பதை வேறொரு நாடு எப்படி வகுத்தது என்று பார்க்க, ஒப்பீட்டுக்கு ஸ்காட்லாந்தை எடுக்கலாம். அங்கே சின்னத்துக்குச் சட்டம் உண்டு. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடிச்சின்னங்கள் எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏறவேண்டும். லார்ட் லயன் என்னும் அதிகாரியின் நீதிமன்றம் இன்றும் அதை மேற்பார்வையிடுகிறது. உரிமையில்லாமல் சின்னம் தரிப்பது குற்றம். குலத்தலைவனின் சின்னம் தலைவனுக்கு மட்டுமே சொந்தம். குலத்தைச் சேர்ந்தவர் அதன் முடிச்சின்னத்தை ஒரு வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்து, தலைவனைச் சார்ந்தவன் என்ற பொருளில் அணியலாம், அவ்வளவே. மக்களுக்குப் பொதுவானது நீலத்தில் வெள்ளைக் குறுக்குச் சிலுவை. செஞ்சிங்கம் அரசனுடையது; 1934இல் ஐந்தாம் ஜார்ஜ் அனுமதி தந்தபிறகுதான் மக்கள் அதைக் கையில் பிடித்து ஆட்டலாம் என்று ஆனது.

சேதுச் சீமையில் சின்ன உரிமை பற்றிய கேள்வி வேறு மாதிரி எழுகிறது. மறவரிடையே கிளைப் பிரிவு உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிளை பார்த்தே. ஆனால் விருதாவளிக் கொடி கிளையின் பெயரில் வரவில்லை, சேதுக்காவலன் பெயரில் வருகிறது. இன்ன உருவத்தை எழுத யாருக்கு உரிமை என்று இக்கரையில் எவரும் வழக்காடவில்லை. கொடியை யார் சுமப்பது, யார் கையில் முதலில் கொடுப்பது, ஏற்றும்போது யாருக்குப் பரிவட்டம் என்பதே இங்கே உரிமைப் பேச்சு. உருவம் பொது, மரியாதை தனி. அதனால்தான் ஸ்காட்லாந்தில் பதிவேடு எழுந்தது, இங்கே செப்பேடு எழுந்தது.

இதற்கு நல்ல சான்று ஏர்வாடி. சுல்தான் சையது இபுராகீம் சகீது தர்காவின் சந்தனக்கூடு விழா கொடியேற்றத்தில் தொடங்கிக் கொடியிறக்கத்தில் முடிகிறது. அந்தத் தர்காவுக்குச் சேதுபதிகள் நிலம் விட்டதைக் கமால் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஓரியூரில் 1693இல் கிழவன் சேதுபதி காலத்தில் கொல்லப்பட்ட கிறித்தவப் பாதிரியார் அருளானந்தரின் திருத்தலத்திலும், இராமநாதபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்த கச்சத்தீவில் அந்தோணியார் கோயிலிலும் விழாவின் முதல் காரியம் கொடியேற்றமே. எந்தக் கொடியும் சேதுபதியின் கொடிக்குப் போட்டியாகக் கருதப்படவில்லை. குலச்சின்னமாக இருந்திருந்தால் இத்தனை கொடிகளுக்கு நடுவே அது தன் எல்லையைக் காக்கப் போராடியிருக்கும். பதவிச்சின்னத்துக்கு அந்தக் கவலை இல்லை. யாத்திரிகர் வழியைக் காப்பதே அதன் வேலை.

பதவி போனபோது கொடியும் மங்கியது. 1795இல் கிழக்கிந்தியக் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கினார்கள். 1803இல் மங்களேசுவரி நாச்சியார் பெயரில் ஜமீன் சன்னது தரப்பட்டது. 1877 தில்லி தர்பாரில், ஆளும் மன்னர்களுக்கென்று ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி ஐரோப்பியப் பாணியில் வரைந்த சின்னக் கொடிகள் வழங்கப்பட்டன. கேடயம், இருபுறமும் தாங்கும் உருவங்கள், கீழே வாசகம் என்று எல்லாம் ஐரோப்பிய இலக்கணம். இராமநாதபுரம் அப்போது சிறுவரான பாஸ்கர சேதுபதிக்காகக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்த ஜமீன். ஆளும் மன்னர் வரிசையில் அதற்கு இடமில்லை. அனுமன் ஒரு ஐரோப்பியக் கேடயத்துக்குள் அடைபடாமல் தப்பியதை நான் இழப்பாக நினைக்கவில்லை.

இப்போது செய்யவேண்டியது இரண்டு. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் உள்ளன. இராசராசேசுவரி அவருக்குச் செங்கோல் தரும் காட்சியும், தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், ஐரோப்பியரைச் சந்திப்பதும் அவற்றில் அடங்கும். தொல்லியல் துறை அவற்றைச் சட்டகம் சட்டகமாகப் படமெடுத்து, குடை, கொடி, ஆலவட்டம் முதலிய விருதுகளைத் தனிப் பட்டியலாக வெளியிடவேண்டும். செப்பேட்டு விருதாவளிகளையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, எந்தப் பெயர் எந்தச் சேதுபதி காலத்தில் சேர்ந்தது என்று பார்க்கவேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் வாதம் நிற்கிறதா விழுகிறதா என்பது தெரிந்துவிடும். பழைய அரச சின்னங்களைச் சாதிச் சங்கங்கள் தம் பதாகையில் ஏற்றிக்கொள்ளும் காலம் இது. அனுமக்கொடியைச் சாதிக்கொடியாகக் காட்டுவதற்குச் சேதுபதிகளின் செப்பேடுகள் துணை நிற்கவில்லை.