மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் சூடு: ஒரு சிறு வரலாறு

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் கை வைக்கும் இடத்துக்கு அடியில்தான் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அந்த இடம் தோசைக்கல் மாதிரி சுட்டால், பழி முழுக்க டிஸ்க் மேல்தான் விழும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால், பாவம், அதன் குற்றம் அதில் கொஞ்சம்தான்.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணினியோடு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், நிமிடத்துக்கு 1200 சுற்று, எடை சுமார் ஒரு டன். இத்தனையும் சேர்ந்து வைத்துக்கொண்டது 50 லட்சம் எழுத்துகள், அதாவது ஒரு எம்பி3 பாட்டு அளவு! படிக்கும் முனை தட்டில் உரசாமலிருக்க, கம்ப்ரஸர் வைத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

சுழலும் தட்டுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? மோட்டாரிலிருந்து ஒரு பங்கு. காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதால் ஒரு பங்கு. இந்த இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. வேகம் அப்படியே இருக்க, தட்டின் விட்டத்தை மட்டும் இரு மடங்காக்கினால் காற்றோடு போராடச் செலவாகும் சக்தி இருபது மடங்குக்கும் மேல் ஏறிவிடும். அப்படியானால் தட்டைச் சின்னதாக்கினால் சூடும் குறையுமல்லவா? நடந்ததும் அதுதான். 1980-ல் சீகேட் 5.25 அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 1983-ல் ஸ்காட்லாந்தின் ரோடைம் 3.5 அங்குலத்துக்கு இறங்கியது. 1988-ல் பிரெய்ரிடெக் 2.5 அங்குலத்தில் 20 எம்பி டிஸ்க்கை வெளியிட்டது. மடிக்கணினிக்கு நிலைத்த அளவு இதுதான். இந்த வகை டிஸ்க் வேலை செய்யும்போதுகூட இழுப்பது சுமார் இரண்டு மூன்று வாட் மின்சாரம்தான்.

பிறகு ஏன் அப்படிக் கொதித்தது? குடிபுகுந்த வீடு அப்படி! பென்டியம் 4 காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் பிராசஸர் மட்டுமே 70 வாட்டைத் தாண்டியது. அந்தச் சூடெல்லாம் ஒரே ஒல்லியான பெட்டிக்குள், டிஸ்க்குக்குப் பக்கத்து அறையில். 2003-ல் 7200 சுற்று வேகத்தில் ஹிட்டாச்சியின் டிராவல்ஸ்டார் 7கே60 வந்தபோது டிஸ்க்கின் சொந்தச் சூடும் கொஞ்சம் கூடியது. மெத்தை மேல் வைத்துப் படம் பார்த்தால் காற்றுத் துளைகளும் அடைபடும். தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சவரம்பு பொதுவாக 55 அல்லது 60 டிகிரி; அதைத் தொட நேரம் ஆகாது.

2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லோரும் நம்பிய அளவு தொடர்பு அதில் தென்படவில்லை. குளிர்ச்சியாக இருந்தவைதான் அதிகம் பழுதாகியிருந்தன! "அப்படியானால் சூடு பரவாயில்லை" என்று பலர் கிளம்பிவிட்டார்கள். ஆனால் அதே கட்டுரை, மிக உயர்ந்த வெப்பத்தில், அதுவும் மூன்று நான்கு வயதான டிஸ்க்குகளில், நிலைமை தலைகீழாவதையும் சொல்லியிருந்தது. அவை சர்வர் கூடத்தில் குளிர்காற்று வாங்கிய டிஸ்க்குகள். மெத்தை மேல் கிடந்த நான்கு வயது மடிக்கணினிக்கு அதை எப்படிப் பொருத்துவது?

கைவைத்தியங்களுக்கும் பஞ்சமில்லை. செத்துப்போன டிஸ்க்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பது அந்தக் காலத்தில் பிரபலம். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். மிஞ்சியிருந்த கோப்புகளும் போகலாம். உண்மையில் உதவியவை சாதாரண விஷயங்கள்: விசிறியின் தூசியை எடுப்பது, கணினியின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைப்பது, ஸ்மார்ட் தகவலில் வெப்பநிலையைப் பார்ப்பது, 50 டிகிரிக்கு மேலேயே நின்றால் உடனே இன்னொரு இடத்தில் நகல் எடுப்பது.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்றார்கள். இன்றைய வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியோ கடுமையாக வேலை வாங்கினால் 70 டிகிரியைத் தாண்டி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இந்த முறை பக்கத்து வீட்டைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் சொந்தச் சூடுதான்.