கரப்பானும் உருக்கெண்ணெயும்

திருவனந்தபுரத்து வலியசாலை என்றதும் வரலாற்று ஆர்வலர்களுக்குக் காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடம்தான் நினைவுக்கு வரும். சோழன் ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் சாலை இதுதான் என்று கருதுவோர் பலர். குழந்தையின் கரப்பான் என்னும் தோல் அழற்சிக்கு இப்பகுதி வீடுகளில் எண்ணெய் காய்ச்சும் வழக்கத்தையும் அந்தப் பழம்பெருமையோடு முடிச்சுப்போட யாருக்கும் ஆசை வரும். சான்று இடம் தரவில்லை. காந்தளூரை முன்மாதிரியாக வைத்து 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையின் செப்பேடு, மாணவர்களுக்கான 95 இடங்களையும் வேதக் கிளைகளுக்கே பங்கிட்டது; மருத்துவத்துக்கு என்று எதுவும் ஒதுக்கவில்லை. கரப்பான் எண்ணெயின் வேரைத் தேட, பக்கத்தில் ‘சாலை’ என்றே பெயர்கொண்ட கடைத்தெருவுக்குப் போவதே மேல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த சந்தை அது. கரப்பான் எண்ணெயில் சேரும், நால்பாமரம் என்று சேர்த்துச் சொல்லும் ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகளை மலையாளத்தில் அங்காடி மருந்துக் கடை எனப்படும் நாட்டு மருந்துக் கடைகளில்தான் வாங்கவேண்டும். 1889இல் திருவிதாங்கூர் அரசு ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கிய பிறகு படித்த வைத்தியரும் பக்கத்திலேயே கிடைத்தார். ஆக, கைவைத்தியம் என்று நாம் அழைப்பதில் பாதி கடையுடையது, கொஞ்சம் வைத்தியருடையது.

வீட்டுக்கே உரிய பங்கு எண்ணெய்தான். தேங்காய்ப்பாலை உருளியில் ஊற்றி, சிறுதீயில் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் நீர் வற்றி, கசண்டு பொன்னிறமாகி, எண்ணெய் தெளியும். இதுவே உருக்கெண்ணெய். கரப்பானுக்கென்றால் தெச்சிப்பூவையும் போட்டுக் காய்ச்சுவார்கள். தமிழ்நாட்டில் இட்லிப்பூ என்போமே, அதுதான். கசண்டைத் திரியில் தடவிக் கொளுத்தினால் படபடக்கக் கூடாது. படபடத்தால் ஈரம் மிச்சம், எண்ணெய் சிக்குப்பிடித்துவிடும்.

இந்த வைத்தியத்தின் பலன் பூவிலோ பட்டையிலோ இருப்பதைவிட எண்ணெயிலும் அதை விடாமல் தடவிய கையிலும்தான் அதிகம் என்பது என் கணிப்பு. கரப்பான் வந்த தோல் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வறண்டு வெடிக்கிறது. எண்ணெய் அந்த ஓட்டையை அடைக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், மூலிகை எதுவும் சேராத சுத்தத் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலைசெய்தது. தலைமுறை தலைமுறையாகக் குணமானதே, அது சான்றில்லையா என்று கேட்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறக் கரப்பான் தானாகவே தணியும். அந்தப் புகழ் கடைசியாகத் தடவிய மருந்துக்குப் போய்ச் சேரும். அப்படியானால் எல்லாமே மூடநம்பிக்கை என்பாருக்கும் அதே ஆய்வுதான் பதில். ஆனால் அதில் இருந்தவர்கள் லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ளவர்கள். நீர் வடிந்து சீழ்கட்டிய புண்ணுக்கு எண்ணெயை நம்பிக் காத்திருக்க அது ஆதாரமாகாது.

இயற்கை எண்ணெய் எல்லாமே நல்லது என்றும் கொள்ள முடியாது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் கெடுப்பதாக 2013இல் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். பத்தியத்தின் கதை இன்னும் மோசம். கத்தரிக்காய், கருவாடு என்று கரப்பானைக் கிளப்பும் எனச் சொல்லி விலக்கும் பண்டங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பாலூட்டும் தாயின் இலையில் கடைசியில் சோறும் மோரும்தான் மிஞ்சும். உணவை விலக்குவதே காப்பு என்ற எண்ணத்துக்கு மாறாக, ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வோ, கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை தின்னத் தொடங்கியவர்களைவிட, அதைத் தவிர்த்த குழந்தைகளுக்கே வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் வந்ததைக் காட்டியது.